இரண்டு வாசல், ஒரே புகை

பெட்டி திறந்தது. உள்ளே தாலி இல்லை.

"ஐயையோ!" என்றான் வக்கீல் திருவேங்கடம்.

"ஐயையோ!" என்றாள் வக்கீல் தெய்வநாயகி.

தலையாரி துளசிங்கம் பெட்டியைப் பார்க்கவில்லை. அவர்கள் இருவரையும் பார்த்தான். ஆறு வருஷமாகப் பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் எதிரெதிராக நின்று வாதாடுகிறவர்கள். ஒருமுறை திருவேங்கடம் மழை பெய்கிறது என்று சொன்னதற்கு அவள் சாட்சி கேட்டாள். இருவரும் ஒரே சொல்லைச் சேர்ந்தாற்போல் சொல்லி இன்றுதான் கேட்கிறான்.

"ரெண்டு பூட்டு. சாவி ஒன்னு உங்க இடுப்புல, ஒன்னு அம்மா இடுப்புல. பூட்டு உடையல" என்றான்.

"இதில் எனக்கு ஆட்சேபம் இருக்கிறது" என்றான் திருவேங்கடம்.

"அந்த ஆட்சேபத்துக்கு எனக்கு ஆட்சேபம்" என்றாள் தெய்வநாயகி.

இப்போது இயல்பாக இருந்தார்கள். துளசிங்கத்துக்கு அதுவும் உறுத்தியது.

தெய்வநாயகி கறுப்பு அங்கியைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தாள். அது அவள் அப்பாவின் அங்கி. வக்கீலாக இருந்தவர், தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாள் அதை மகளுக்கு மாட்டிக் கோட்டைக்கு அனுப்பினார். பிறகு அவர் காலமானார். அங்கி காலமாகவில்லை. கோட்டைப் பதிவேட்டில் அங்கிக்குத்தான் இடம். உள்ளே இருப்பது யார் என்று எழுதக் கட்டம் கிடையாது.

பெட்டியின் அடியில் ஓலை நறுக்கு ஒன்று கிடந்தது. துளசிங்கம் எடுத்துப் படித்தான். இடது கையால் கீறிய கோணல் எழுத்து.

'இப்பொருள் இரவலாகப் பெறப்பட்டது. நாளை மாலைக்குள் திருப்பித் தரப்படும்.'

கீழே, வேறொரு கோணல் எழுத்து:

'மாலை என்பது சூரியன் மறைவதற்கு முந்திய பொழுதைக் குறிக்கும்.'

அவன் அதை மடியில் செருகிக்கொண்டான்.

பெட்டி இருந்த காவல் சாவடிக்கு வெளியே இளவட்டம் ஒருவன் மணலில் குந்தியிருந்தான். சின்னதம்பி. பசியாவரம் தீவில் வலை போடுகிறவன். போட விரும்புகிறவன் என்பது சரி. ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாள் வலை போடுவது என்பதற்குப் பாடு என்று பேர். வருஷத்துக்கு ஒருமுறை அதற்குச் சீட்டு எடுப்பார்கள். கல்யாணம் ஆனவன் பேர்தான் சீட்டில் ஏறும். ஆகாதவன் அடுத்தவன் தோணியில் கூலிக்குப் போகலாம், இல்லாவிட்டால் கரையில் உட்கார்ந்து காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கலாம்.

சின்னதம்பி கல்யாணத்துக்கு நாள் குறித்தான். ஊர்ப் பெரியவர் மாணிக்கம், சீட்டுக்காகவே செய்யும் கல்யாணம் இது என்று கோட்டையில் தடை கேட்டார். அவருக்கு வக்கீல் திருவேங்கடம், சின்னதம்பிக்குத் தெய்வநாயகி. கல்யாணம் எந்தப் பொருளால் ஆகிறது என்று தீர்ப்புச் சொல்லும் ஒல்லாந்தத் துரை விசாரித்தார். தாலி என்றார்கள். அப்படியானால் அதைக் காவலில் வை என்று சொல்லிவிட்டார். ஒரு மாதமாக அது துளசிங்கத்தின் காவலில் இருந்தது. நேற்றுத்தான் சின்னதம்பி பக்கம் தீர்ப்பானது. 'பெட்டியில் இருக்கும் பொருளை அவனிடம் கொடுக்கவும். அதைக் கட்டினால் கல்யாணம் ஆனதாகக் கொள்ளப்படும்.'

இன்று ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். உச்சிவேளைக்குக் கோட்டை மணி அடித்ததும் சீட்டு.

கரையில் ஒரு தோணியில் காட்டூர் பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் தகப்பனார். நெல் விவசாயி. தண்ணீரைப் பார்க்கப் பிடிக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி அடிச்சிதுன்னா நா கெளம்பிடுவேன். நாத்தாங்கால் காயுது. பாடு இல்லாதவனுக்கு எம்பொண்ண குடுத்தா அவ எதைத் துன்னுவா, காத்தையா?"

"நைனா, இன்னும் அடிக்கல இல்ல?" என்றாள் வசந்தா. கல்யாணப் புடவையில் இருந்தாள். அன்று காலையில் மூன்றாவது தடவையாக அதைச் சொன்னாள்.

சின்னதம்பி எழுந்து வந்தான். "தலையாரி, பெட்டியத் தொறந்தாச்சா?"

"தொறந்தாச்சு" என்றான் துளசிங்கம். விறுவிறுவென்று ஏரிப் பக்கம் நடந்தான்.

*

ராஜாத்தி இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தாள். இரண்டு கையும் சேற்றில். இறால் சேர்க்கும் பறியின் கயிறு பல்லில். ஏரியில் யார் எங்கே போனார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் துளசிங்கம் துப்பு விசாரிக்கப் போகும்போதெல்லாம் அவளைக் கூட்டிப்போவான். அவளைப் பேசாமல் இருக்கவைக்கும் ஒரே பொருள் அந்தப் பறி.

அவனைக் கண்டதும் கரையேறிப் பறியைக் கீழே வைத்தாள்.

"இன்னா தலையாரி, மூஞ்சி செத்த மடவை மீனு மாரி கீது?"

"தாலி போச்சு."

"எவன் எடுத்தான்?"

அவன் ஓலையைப் படித்துக் காட்டினான்.

"சாயங்காலம்னா இன்னான்னு சொல்லிட்டுத் திருடுறானா? இவன் திருடன் இல்ல தலையாரி, வக்கீலு."

"நானும் அதான் நெனச்சேன். ஆனா ரெண்டு பூட்டு. ஒரு வக்கீல் போதாது."

"அதுங்க ரெண்டும் சேந்து ஒரு காரியம் செய்யுமா? இன்னிக்கு விடியக்காலைல கொலையே நடந்துது."

"யார் யாரை?"

"எல்லையம்மன் திட்டாண்ட எறா தடவிக்கினு இருந்தேன். கோயில் வாசல்ல தெய்வநாயகி குந்திக்கினு இருக்குது. திருவேங்கடம் பின்னால நின்னுக்கினு ரெண்டு கையாலயும் அது கழுத்த நெறிக்கிறாரு."

"நீ கத்தலையா?"

"வாய்ல பறி. வாயத் தொறந்தா ரெண்டு படி எறா தண்ணில போவும். ஒரு வக்கீலுக்கு ரெண்டு படி எறா ஜாஸ்தி."

"அந்தம்மாவ இப்பதான் சாவடில பாத்துட்டு வரேன். ஆட்சேபம் சொல்லிக்கினு இருந்தாங்க."

"அப்ப சரியா நெறிக்கல. அந்தாளு எதத்தான் முழுசா முடிச்சான்?"

துளசிங்கம் நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் சொன்னான்.

"நேத்து சாயங்காலம் அவங்க சாவடிக்கு வந்தாங்க. பொருளைப் பரிசோதிக்கணும்னாங்க. உள்ள போய்ச் சண்டை. காது கிழியுது. நானே கதவைச் சாத்திட்டு வெளிய வந்துட்டேன்."

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டு வெத்தலை போடுற நேரம்."

"கெட்டிக்காரத் தலையாரி. திருடனுக்குத் தொந்தரவா இருக்கும்னு கதவ வேற சாத்திட்டு வந்துகிற."

"அந்த மஞ்சக் கயிறு போனா என்ன, ஒரு மஞ்சக் கெழங்கை முடிஞ்சு கட்டலாமே" என்று அவளே கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். "எங்கள்ல அதான் தாலி."

"பெட்டியில இருக்கிற பொருள்னு தீர்ப்பு. உள்ள போனது பொன்னுன்னு மாணிக்கம் கண்ணால பாத்திருக்காரு. விடமாட்டாரு."

*

இரண்டு வக்கீல்களும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தார்கள். நடுவில் சுவர். கிழக்கு வாசல் திருவேங்கடத்துக்கு, மேற்கு வாசல் தெய்வநாயகிக்கு. வழக்காட வருகிற எதிரிகள் தெருவில் முட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு வசதியாக இருந்தது.

ராஜாத்தி கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"ரெண்டு வாசலு. பொகை ஒன்னுதான் போவுது."

"ஒருத்தர் இன்னிக்குச் சமைக்கலியோ என்னமோ."

"ஆறு வருசமா இங்க எறா குடுக்கிறேன் தலையாரி. கெழக்கு வாசல்ல வாங்குறாரு. மேக்கு வாசல்ல தோலு கொட்டிக் கெடக்குது. எறா தானா செவுத்தத் தாண்டிப் போவுமா?"

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நீ கேட்டியா? நா சொல்லியிருந்தா எனக்கு ஒரு வாடிக்கை போயிருக்கும்."

துளசிங்கம் கிழக்கு வாசலில் நுழைந்தான். திருவேங்கடம் ஓலைக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் துண்டுக்குள் வைத்திருந்தான்.

"தண்ணி கொஞ்சம் குடுங்க வக்கீலய்யா."

வேறு வழியில்லை. செம்பை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தான். விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

"கையில என்ன?"

"குழம்பு. மீன் குழம்பு. இப்போதுதான் சாப்பிட்டேன்."

"எடது கையாலயும் சாப்பிடுவீங்களா?"

திருவேங்கடம் பதில் சொல்ல வாயைத் திறந்தான். மேற்கே இருந்து கோடைக்காற்று ஒரு வீச்சு வீசி ஓலைத் தூசியைக் கிளப்பியது. பலமாகத் தும்மினான்.

"நூறு" என்றது சுவர்.

சுவர் அவசரமாக இருமியது.

ஒரு வீட்டில் ஒருவர் தும்ம, மற்றவர் யோசிக்காமல் ஆயுசுக்கு நூறு என்று சொல்வதற்கு ஆறு மாதப் பழக்கம் வேண்டும். மறக்க ஆறு மாதம் போதாது. துளசிங்கத்துக்குத் தெரியும். அவன் வீட்டில் இப்போது அவன் மட்டும்தான் தும்முகிறான்.

"அம்மா, நான் தெருவைச் சுத்திக்கினு வரணுமா, இல்ல செவுத்துல வழி இருக்கா?" என்று சுவரைக் கேட்டான்.

ஓலைக்கட்டுகள் அடுக்கிய மரத்தட்டு மெல்ல நகர்ந்தது. பின்னால் கதவு. அதில் தெய்வநாயகி. கழுத்துவரை பொத்தான் போட்ட அங்கி, கையில் அகப்பை.

"வழி இருப்பதால் குற்றம் ஆகிவிடாது" என்றாள்.

"குழம்பு ஒரு கையிலதான் ஒட்டும். முடிச்சுப் போட்டாத்தான் ரெண்டு கையிலயும் மஞ்சள் ஒட்டும். அம்மா, அந்தப் பொத்தானைக் கழட்டுங்க. ஆனி வெயிலுக்கு அங்கியே தாங்காது."

அவள் திருவேங்கடத்தைப் பார்த்தாள். அவன் செம்பைப் பார்த்தான். அவள் முதல் பொத்தானைக் கழற்றினாள்.

புது மஞ்சள் கயிறு. அதில் சின்னதம்பியின் பொன் தாலி.

ராஜாத்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடப் பாவி! கழுத்த நெறிக்கலியா? கட்டிக்கினு இருந்தானா? நல்ல வேள நா பறிய உடல. ரெண்டு படி எறா போயி, கல்யாணத்துக்கு மொய் வேற எழுதியிருக்கணும்."

"உக்காருங்க. சொல்லுங்க" என்றான் துளசிங்கம்.

"ஊரில் தட்டான் ஒருவன்தான்" என்று தொடங்கினான் திருவேங்கடம். "அவனிடம் தாலி செய்யச் சொன்னால், பொன் உருகுவதற்கு முன் ஊருக்குத் தெரியும். ஒரே அடுப்பில் உண்பவர்கள் எதிரெதிரே வாதாடினால் தீர்ப்புச் செல்லாது என்று கோட்டைச் சட்டம். எங்கள் பிழைப்பே எதிரெதிர்தான்."

"அதுக்குக் கட்சிக்காரன் தாலியவா எடுக்கிறது?"

"இரவல்" என்றாள் தெய்வநாயகி. "உடைமை சின்னதம்பிக்கு. அனுபோகம் ஒரு நாழிகைக்கு எங்களுக்கு. விடிகாலை முகூர்த்தத்தில் கட்டுவது, அவிழ்ப்பது, காலையில் பெட்டியில் வைப்பது. ஒரு மாதம் இதற்கு இருபக்கமும் வாதாடிப் பார்த்தோம். ஓட்டையே இல்லை."

"அப்புறம்?"

திருவேங்கடம் விரல் மஞ்சளைத் துண்டில் துடைத்தான்.

"கட்டினேன்" என்றான் திருவேங்கடம் கடைசியில். பேச்சில் கோட்டைத் தமிழ் உதிர்ந்துவிட்டது. "'சரி, கழட்டு'ன்னேன். 'நீ செத்தாத்தான் கழட்டுவேன்'னா."

"கட்டுனதக் கழட்டச் சொன்னா வேற இன்னா சொல்லுவேன்?" என்றாள் தெய்வநாயகி. "அப்பதான்யா எனக்கே ஒறைச்சுது. கழட்டுனா நா தாலியறுத்தவ."

"அவ கட்சிக்காரனுக்காகச் சாவுற அளவுக்குப் போக எனக்கு இஷ்டமில்ல தலையாரி" என்றான் திருவேங்கடம்.

"ஒரு மாசம் ரெண்டு பக்கமும் வாதாடினீங்க. இது ஒருத்தருக்கும் தோணல?"

"சட்டத்தில் எழுதவில்லையே" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

வாசலில் செருப்புச் சத்தம்.

"வக்கீலே! பெட்டி காலியாமே! சாவடியாண்ட பேசிக்கினாங்க!" மாணிக்கம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். தன் வக்கீலைப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்தார். நடுவில் திறந்திருந்த கதவையும், அடுப்பையும், ஒரே பானையையும், கடைசியாகக் கழுத்தையும் பார்த்தார். சிரிப்பு அகலமானது.

"ஒரே அடுப்பா? ஐயா சாமி! அப்ப தீர்ப்பு செல்லாது! தொரைகிட்ட இப்பவே சொல்றேன்!"

திருவேங்கடம் எழுந்தான். தெய்வநாயகி அகப்பையை இறுக்கினாள். கோட்டை மணிக்கு ஒரு நாழிகைதான் இருந்தது. துளசிங்கம் மணலில் குந்தியிருந்த சின்னதம்பியை நினைத்தான். மூன்று தடவை நைனா என்று கூப்பிட்டவளையும்.

"செல்லாதுதான்" என்றான் அமைதியாக. "போங்க, சொல்லுங்க. ஆறு வருசத் தீர்ப்பும் செல்லாது."

"ஆங்! எல்லாம் செல்லாது!"

"முகத்துவாரத்து வடகரைப் பாடு உங்களுக்கு எப்படி வந்துது பெரியவரே?"

மாணிக்கத்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

"உங்க பங்காளி செங்கல்வராயன் மேல கேசு போட்டீங்க. உங்களுக்குத் திருவேங்கடம். அவருக்கு யாரு?"

மாணிக்கம் தெய்வநாயகியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"நல்லா வாதாடினேன். ஆனா அன்னிக்குக் காலைல இவரு எனக்கு எறா வறுத்துப் போட்டாரு" என்றாள்.

"செங்கல்வராயன் வெளியதான் கீறாரு. சீட்டுக்கு வந்துகிறாரு. நா வேணா கூப்புடட்டா பெரியவரே?" என்றாள் ராஜாத்தி.

மாணிக்கம் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அடுப்பில் பானை கொதித்தது.

"ஒரே அடுப்புன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று துளசிங்கம் கேட்டான். "இங்க சோறு வேகுற வாசனை ஏதாவது வருதா?"

மாணிக்கம் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா வாசனை? எனக்கு ஜலதோசம் தலையாரி."

"கண்ணு?"

"வயசாச்சு. மசமசன்னு கீது."

ராஜாத்தி அதற்குள் அடுப்படிக்குப் போயிருந்தாள். வரும்போது கையில் மஞ்சள் கிழங்கு ஒன்றும் ஒரு முழக் கயிறும் இருந்தன.

*

கோட்டையில் துரை பெட்டியைத் திறக்கச் சொன்னார். இரண்டு சாவிகள் திரும்பின. உள்ளே மஞ்சள் கயிற்றில் முடிந்த ஒரு கிழங்கு.

துரை அதைக் கையில் எடுத்து நெடுநேரம் பேசினார். அவர் பேசி முடித்ததும், மொழிபெயர்க்கும் துபாஷி வாயைத் திறந்தார்.

"இது போன மாசம் பளபளன்னு இருந்துச்சேன்னு கேக்குறாரு."

கூட்டம் மாணிக்கத்தைப் பார்த்தது. ஆட்சேபம் சொல்ல வேண்டியவர் அவர்தான். பசியாவரமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"உப்புக் காத்து தொரை" என்றார் மாணிக்கம். "இங்க எதை வச்சாலும் அப்பிடி ஆயிடும்."

துரை கோட்டைப் பீரங்கிகளில் ஏறியிருந்த துருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒத்துக்கொண்டார்.

"உப்புக் காற்று என்பது சாட்சியம் அல்ல! ஆட்சேபிக்கிறேன்!" என்று கத்தினான் திருவேங்கடம், பழக்கத்தில்.

"காற்றை ஆட்சேபிக்க நீர் யார்?" என்று பாய்ந்தாள் தெய்வநாயகி. மேசையில் அறைந்ததில் மைக்கூடு கவிழ்ந்தது. துரை நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எல்லாம் வழக்கம்போல் இருந்தது.

சின்னதம்பி கிழங்கை வாங்கினான். மணிக்காரன் கயிற்றைப் பிடிப்பது தெரிந்தது. வசந்தா அவனே கட்டட்டும் என்று காத்திருக்கவில்லை. கழுத்தைக் கொண்டுபோய்க் கயிற்றுக்குள் கொடுத்தாள். மூன்றாவது முடிச்சு விழுந்தது. மணி அடித்தது. எது முந்தியது என்று கேட்க அங்கே இரண்டு வக்கீல்கள் இருந்தார்கள். இருவரும் மைக்கூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பொன்னுரங்கம் தோணியை விட்டு இறங்கினார். முதல் தடவையாகத் தண்ணீரில் கால் வைத்தார்.

சீட்டில் சின்னதம்பிக்கு முகத்துவாரத்துத் தென்கரை விழுந்தது. கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறும்போது இறால் முதலில் வருகிற இடம். மாணிக்கத்தின் வடகரைப் பாட்டுக்கு நேர் எதிர்.

சூரியன் மறைய இன்னும் ஒரு பனை உயரம் இருந்தபோது தெய்வநாயகி பசியாவரத்துக்குத் தோணியில் போனாள். தன் இரண்டு தங்கத் தோட்டையும் கழற்றி வசந்தாவின் கையில் வைத்தாள். "உன் தாலி எடைக்கு மேலயே இருக்கும். ஆவணில பொன்னாப் பண்ணிக் கோத்துக்கோ" என்றாள். மாலை என்பதற்கு அவர்களே எழுதிக்கொடுத்த அர்த்தம் மீறப்படவில்லை. துளசிங்கம் ஓலை நறுக்கை ஏரியில் போட்டான்.

திரும்பி வரும்போது அந்த வீட்டு முன்னால் மாணிக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா பெரியவரே, இங்க?" என்றாள் ராஜாத்தி.

"தென்கரைப் பாட்டு மேல ஒரு கேசு போடணும். அந்தப் பய என் எறாவெல்லாம் வழிமறிச்சிடுவான்."

"போட வேண்டியதுதான? உள்ள போங்க."

அவர் கிழக்கு வாசலைப் பார்த்தார். சந்துக்குள் எட்டி மேற்கு வாசலைப் பார்த்தார். கிழக்கே ஒரு அடி வைத்தார். நின்றார். மேற்கே இரண்டு அடி வைத்தார். மறுபடி நின்றார்.

கூரைமேல் ஒரே புகை, நிதானமாக, போய்க்கொண்டிருந்தது.